மணிக்கூண்டுக்கு நான் எழுதிய வரலாறு

என் மகள் தானே தேர்ந்தெடுத்த பையனின் அப்பா மெயின்லேண்டிலிருந்து கடல் தாண்டி எங்கள் தீவுக்கு எங்களைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். மகள் என்னைத் தனியே அழைத்தாள். "அப்பா, அவர்கிட்ட கதை விடாதீங்க. இந்த ஒரு நாள் மட்டும். இது என் வாழ்க்கை."

அபர்டீன் பஜாரில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவர் கேட்டார்: "சார், இந்த மணிக்கூண்டு எதுக்குக் கட்டினது?"

மணிக்கூண்டுக்கு இங்கே இந்தியில் கண்டாகர். முப்பது வருடமாக "கண்டாகர்கிட்ட நில்லு, வந்துடறேன்" என்று ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன். தமிழரும் வங்காளியும் தெலுங்கரும் ஒற்றுமையாக அதற்கு முதுகைக் காட்டி நிற்போம். கட்டிய காரணத்தை யார் கேட்டார்கள்?

"கைதிகளை நேரத்துக்கு எழுப்ப வெள்ளைக்காரன் கட்டினான்" என்றேன். என் குரலில் இருந்த உறுதி எனக்கே பிடித்திருந்தது.

அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அப்படியே கூண்டின் அடியில் பதித்திருந்த கல்வெட்டை நோக்கி நடந்தார்.

"முதல்ல ஒரு டீ சாப்பிடலாமே."

"இருக்கட்டும். கண்ணாடியை ரூம்ல வச்சிட்டேன். கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

எதிரே பழக்கடை பாய், எனக்கு நெடுநாள் பழக்கம், வாழைத்தார் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அரே அண்ணே, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் அந்தப் பக்கம் திரும்புறீங்க. படிங்க, நானும் கேட்டுக்கறேன்."

ஆங்கிலத்தை மனதுக்குள் படித்தேன். போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவுச்சின்னம். கைதியும் இல்லை, விடியலும் இல்லை. கல்லில் உள்ளதை மாற்றிப் படித்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. மகளின் முகம் குறுக்கே வந்தது.

"போர்ல செத்தவங்களுக்காகக் கட்டினதாம் சார். நான் முன்னாடி சொன்னது புளுகு."

பாய் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வாத்தியார் நோட்டில் நிதானமாக ஒரு கோடு கிழித்தார்.

"உங்க பொண்ணு நேத்து போன்ல சொல்லிச்சு. அப்பா கதை விடுவார், ஆனா நேரா கேட்டா ஒத்துப்பார்னு. அது போதும், சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் காதில் தேனாக இறங்குவதற்குள், கல்யாணம் தஞ்சாவூரில்தான் என்றார். இங்கேயே வைக்க நான் எட்டுக் காரணங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவற்றில் ஐந்து சரித்திரக் காரணங்கள்.

எட்டையும் விழுங்கிவிட்டு அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.