கொட்டாத கசடு

தொண்ணூற்றேழில் நியூ ஜெர்சி மருந்துக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அன்று பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடியும் நேரம், நானும் கூட வேலை பார்த்த கிளைவும் நொதிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தோம். அடியில் கிடந்த கசடை முகர்ந்துவிட்டு, "டண்டர்" என்றார் கிளைவ்.

அவர் ஜமைக்காக்காரர். ரம் வடித்தபின் மிஞ்சும் கசடுக்கு அவர் ஊரில் அதுதான் பெயராம். கொட்டமாட்டார்களாம், புளிக்கவிட்டு அடுத்த ஊறலில் கலப்பார்களாம். மணமே அதில்தான் வருமாம்.

ஊரில் என் அப்பா வேலை பார்த்த சர்க்கரை ஆலையிலும் சாராயம் வடித்தார்கள்; மிஞ்சும் கசடை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் எங்கள் காபியிலும் தலையணையிலும்கூட அந்த வாடை. அப்பாவின் காக்கிச் சட்டையில் அது அப்பிக் கிடக்கும். ஒரு சாயங்காலம் அவர் என்னைத் தூக்க வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு, "கிட்ட வராதப்பா, நாறுது" என்றேன். எனக்கு ஐந்து வயது. அப்பா மறுநாளிலிருந்து கொல்லைப்பக்கமாகவே வந்தார்.

"இரு கண்ணு, குளிச்சிட்டு வந்துடறேன்."

ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்கு எப்படி டிரைவ் பண்ணி வந்தேனோ, தெரியாது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. கராஜ் கதவு ஏறியதும் என் நான்கு வயது மகள், "டாடி, யூ ஆர் ஹோம்!" என்று ஓடிவந்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"இரு கண்ணு, குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் மூக்கைப் பொத்தியிருக்கவில்லை. நீட்டிய கைகளோடு அப்படியே நின்றாள்.