பாக்கியம் அக்கா கேட்ட நெத்திலி

எங்கள் மலை ஊரான பிரிஞ்சாங்கில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்கார பாய்தான் சொன்னார்: "உங்க பாக்கியம் அக்கா விடியக்காலையில தவறிட்டாங்களாம் லா." இறுதிச் சடங்கில் பேசிய ஒருவர் அக்காவைப் பொறுமையின் வடிவம் என்றார். அவரை அறிந்த யாரும் அதை ஒப்பமாட்டார்கள். நானும் ஒப்பவில்லை.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் நான் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்து கொடுப்பதும் என் வேலை. அக்கா கொழுந்து பறித்தவர். அவர் கணவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் திரும்பவே இல்லை. வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி குடியேறினான். அவனுக்குக் காடை முட்டை என்றால் உயிர். கூண்டு கூண்டாகக் காடைகளை வரவழைத்து அக்காவிடம் ஒப்படைத்தான்.

முதலில் நன்றாகத்தான் முட்டையிட்டன. பிறகு முட்டைகள் ஓடில்லாமல் வெறும் தோலோடு விழுந்தன. எண்ணிக்கையும் குறைந்தது. அக்கா திருடுவதாக நினைத்த அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தான். அன்று மாலை, நிற்க முடியாத ஒரு காடையைத் தூக்கிக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

"பாரு தம்பி, காலு ரப்பராட்டம் வளையுது. வெறும் மரவள்ளியத் தின்னா எங்கேருந்து ஓடு போடும்?"

சுண்ணாம்புச் சத்து போதாவிட்டால் பறவை தன் எலும்பையே கரைத்து முட்டைக்குக் கொடுக்கும் என்றேன். அக்கா அந்தக் காடையின் காலை நீவிவிட்டார்.

"நம்ம லயத்துல பால் குடுக்கிறவளுங்களும் அப்படித்தானே?"

ஆமாம். பல் ஆடுகிறது, இடுப்பு ஒடிகிறது என்று தினமும் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்த அந்தப் பெண்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

தோட்டத்து எழுத்தரான கிராணி வழியாக அக்கா காடைகளுக்கென்று கிளிஞ்சலும் நெத்திலிக் கருவாடும் கேட்டார். லாரியில் மூட்டைகள் வந்தன. இடித்த கிளிஞ்சலைத் தின்ற காடைகள் கெட்டியான முட்டை இட்டன. நெத்திலியில் பாதி லயத்துச் சட்டிகளுக்குப் போனது.

வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் அதிகாரி துப்பாக்கிக் கட்டையால் அக்காவின் கையை உடைத்தான். ஏன் திருடினாய் என்று கேட்டான்.

"திருடல. காடைக்கு வேணும்னா குடுக்கிறீங்க, பெத்தவளுக்கு வேணாமா? அவங்களுக்கு இல்லேன்னா நான் கூண்டுப் பக்கமே வரமாட்டேன். கிராணி, ஒண்ணும் விடாம சொல்லு!"

கிராணி ஒன்றும் விடாமல் ஜப்பான் மொழியில் சொன்னார். அதிகாரியின் கை வாள்பிடிக்குப் போனது. அக்கா தலையைக் குனியவில்லை. அவன் உறுமிவிட்டுப் போய்விட்டான்.

சொன்னபடியே அக்கா கூண்டுப் பக்கம் போகவில்லை. அதிகாரி வேறு பெண்களைக் கூப்பிட்டான். ஒருத்தியும் கூண்டைத் தொடவில்லை. சிப்பாய்கள் கண்டதை அள்ளிப் போட்டார்கள். முட்டை மறுபடியும் தோலாக விழுந்தது. அவனுடைய மேலதிகாரிகள் விருந்துக்கு வரவிருந்த நேரம் அது. ஒரு காலையில் லயத்து வாசலில் ஒரு மூட்டை நெத்திலி கிடந்தது. கட்டுப் போட்ட கையோடு அதைப் பங்கிட்டுக் கொடுத்த பிறகுதான் அக்கா கூண்டுக்குப் போனார்.

நான் போட்ட கட்டு சரியாக அமையவில்லை. இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவே இல்லை. ஒருமுறை அதற்காக வருந்தினேன்.

"கொழுந்து பறிக்க மத்த விரல் இருக்கு தம்பி. அன்னிக்கு வாய மூடிக்கிட்டிருந்தா இந்த வாய் எதுக்கு?" என்றார்.

சண்டை முடிந்து துரை திரும்பினார். வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் கொட்டகைக்குப் பால் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றேன். அப்புறம் வா என்றார். நான் நகரவில்லை. பால் வந்தது. கேட்டுவிட்டு அங்கேயே நிற்பது: அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். அதை இன்னும் விடவில்லை.