பக்கத்திலிருந்தா, மேலிருந்தா?

தபால் உறையை ஜன்னல் பக்கம் திருப்பி, முத்திரை மேல் பூதக்கண்ணாடியை வைத்துத் தேதி பார்க்கிறார் வல்லிநாயகம். தேதி தெரிந்த பிறகும் நம்பிக்கை வருவதில்லை. "போட்டாவுல இருக்குத ஆளு இருக்காவளா, போயிட்டாவளா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்கிறார். இவர் போலீஸ்காரர் இல்லை. தென்காசியில் கல்யாண வீடியோவுக்கு மிக்சிங் போடுகிறவர்.

கல்யாணத்துக்கு வர முடியாதவர்களைக் கேசட்டுக்குள் கொண்டுவருவது இவர் தொழில். ஒரு வீடியோ டெக்கில் கல்யாணம் ஓடும். விட்டத்தில் கட்டிய கேமராவுக்குக் கீழே, கறுப்பு அட்டையில் ஒட்டிய போட்டோ இருக்கும். இரண்டு படத்தையும் கலக்கிற மிக்சர் மெஷினுக்குக் கறுப்பு கண்ணில் படாது. அதனால் ஆள் மட்டும் கல்யாணக் காட்சியின் மேல் வந்து நிற்பார். அட்டையை விரலால் இழுத்தால் டிவியில் அவர் நகருவார். சாரல் காலத்தில் டெக்குக்குள் ஈரம் ஏறிவிடும் என்று பக்கத்திலேயே நாற்பது வாட் பல்பை எரியவிட்டிருப்பார். குற்றாலத்துக் காற்றின் மேல்கூட மனுஷனுக்கு நம்பிக்கை கிடையாது.

இவரிடம் ஒரு முறை உண்டு. உயிரோடு இருக்கிறவர் பக்கவாட்டிலிருந்து வருவார், வாசல் வழியாக நுழைகிற மாதிரி. இறந்தவர் மேலிருந்து இறங்குவார். ஆய்க்குடியிலிருந்து கடையநல்லூர் வரை எல்லோருக்கும் இது தெரியும். துபாயிலிருக்கும் மகன் மேலிருந்து இறங்கிவிட்டால் அந்த வீட்டில் சோறு இறங்காது.

எல்லாம் கீழப்பாவூர்க்காரர் ஒருவரால் வந்த வினை. அண்ணன் இறந்துவிட்டதாகச் சொல்லிப் போட்டோ கொடுத்துவிட்டுப் போனார். இவரும் பவ்வியமாக மேலிருந்து இறக்கிவிட்டார். மூன்றாம் வாரம் அந்த அண்ணன் சைக்கிளில் வந்து கடை வாசலில் ஸ்டாண்டு போட்டார். "அண்ணாச்சி, நான் எப்பம் செத்தேன்?" என்று கேட்டாராம். சகோதரர்களுக்குள் வயல் வழக்கு. அன்றிலிருந்து இவர் ஆதாரம் இல்லாமல் அட்டையைத் தொடுவதில்லை.

என் தங்கை கல்யாணக் கேசட்டுக்கு எங்கள் அப்பா படத்தைக் கொண்டுபோனேன். அப்பா இறந்து ஆறு வருஷம். அதற்கும் பதினாறாம் நாள் பத்திரிகை கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்னைப் பார்த்தால் பெற்ற அப்பனைச் சாகடிக்கிறவன் மாதிரியா இருக்கிறது? பத்திரிகையைத் தேடி எடுத்துக்கொண்டு மறுநாள் போனபோதுதான் கடையில் ஜாஹிரா பீவி என்கிற அம்மா உட்கார்ந்திருந்தார்.

அவர் மகள் நூர்நிஷாவுக்குக் கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள். ஜாஹிரா பீவியின் கணவர் பரீது சவூதியில். அவர் இறந்துபோனதை மறைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே கேசட் போட்டுப் பார்க்கப்போகிறார்கள். பெண்ணின் வாப்பா எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்றுதான் அத்தனை கண்ணும் பார்க்கும்.

பரீது எழுதிய கடிதத்தின் உறையைப் பார்த்துவிட்டுப் பூதக்கண்ணாடியை இறக்கி வைத்தார் வல்லிநாயகம். "இது போன வருஷத்து லெட்டருல்லா?"

"அதுக்குப் பொறவு வரல அண்ணாச்சி. பதினாலு மாசம் ஆச்சு. கம்பெனிக்கு எழுதியாச்சு, பதில் இல்ல."

"நான் பக்கத்துலேர்ந்து கொண்டாந்தா, ஆளு இருக்காவன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி. இருக்காவன்னு உங்களுக்கே தெரியாதே."

"போயிட்டாவன்னும் தெரியாதுல்லா" என்றார் ஜாஹிரா பீவி.

எனக்கும் சந்தேகம்தான். பொய் சொல்கிற முகமா என்று நானும் அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வல்லிநாயகம் போட்டோவை வெட்டி அட்டையில் ஒட்டினார். பரீதின் தலைமுடி நல்ல கறுப்பு. அப்படியே விட்டால் அந்த இடம் ஓட்டையாகி, பின்னாலிருக்கும் கல்யாணப் பந்தல் தெரியும். முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டு முடிமேல் ஒற்றினார். டெக்கை ஓடவிட்டார். பிறகு அட்டையை ஜாஹிரா பீவி பக்கம் தள்ளினார்.

"என் கையால இழுக்க மாட்டேன். ஒங்க வீட்டு ஆளு. எங்கனயிருந்து வரணுமோ, நீங்களே கூட்டியாங்க."

ஜாஹிரா பீவி அட்டையைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தார். டிவியில் நூர்நிஷா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஓரத்திலிருந்து அவள் வாப்பா வந்தார், வந்து தோளருகே நின்றார்.

"நரைச்சுப் போச்சே" என்றார் ஜாஹிரா பீவி, மெதுவாக. பவுடர் என்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

பத்து எண்ணும்வரை நிறுத்திவிட்டு ஆளை வெளியே இழுத்துவிடுவது வழக்கம். பத்தும் ஆனது, இருபதும் ஆனது. ஜாஹிரா பீவி அட்டையை அசைக்கவில்லை. மணமேடை போய் விருந்துக் காட்சி வந்தது. பிரியாணிச் சட்டிகளுக்கு நடுவிலும் பரீது நின்றார். பெண்ணைக் காரில் ஏற்றுகிற காட்சியிலும் நின்றார்.

"வெளிய எடுத்திரலாம்மா" என்றார் வல்லிநாயகம். ஜாஹிரா பீவி காதில் அது விழவில்லை. டெக்கை நிறுத்துவதற்குக் கையைப் பட்டன் வரை கொண்டுபோன வல்லிநாயகம், அதைத் திரும்ப எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார்.