சோற்றை முதலில் வைத்த ஞாயிறு

எல்கடுவைப் பக்கத்துத் தோட்ட பங்களா ஒன்றில் கோக்கியாக, அதாவது சமையற்காரனாக, நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது. அதற்கு முன் மாத்தளை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். சோறு ஆறுவதற்குள் ஆள் முன்னால் போய்விட வேண்டும். அங்கே நான் படித்தது அவ்வளவுதான்.

துரையும் துரைசானியும் வெள்ளைக்காரர்கள்தான், ஆனால் பல காலம் நீலகிரியில் இருந்துவிட்டு வந்தவர்கள். அந்த ஊர் இங்கிலீஷே வேறு. எங்கள் துரைமார் ஹொப்பர்ஸ் என்பதைத் துரைசானி அம்மா ‘அப்பம்’ என்பார். பண்டக்காய், அதாவது வெண்டைக்காய், அவருக்கு ‘லேடீஸ் ஃபிங்கர்’. ‘டிஃபன் ரெடியா?’ என்றால் நான் முழிப்பேன். வார்த்தையைச் சிரித்துச் சமாளிக்கலாம். வழக்கம் மாறினால்தான் வம்பு.

அந்த ஞாயிறு பகல் விருந்து. பக்கத்துத் தோட்டத் துரைமாரும் மாத்தளை டொக்டர் ஐயாவும் முதல் தடவையாக வருகிறார்கள். காலையிலேயே துரை சொல்லிவிட்டார்: “சூசை, இன்னைக்கு நல்லாப் போச்சுன்னா வேலை உனக்கு. இல்லன்னா நாளைக்கு மலைக்குப் போ.” மலை என்றால் தேயிலை மலை, மண்வெட்டி வேலை.

விடுவேனா? துரைசானி சொன்னபடி, கார்கள் வந்து நின்றதுமே மஞ்சள் சோறும் கோழிக் கறியும் ஆவி பறக்க மேசைக்குப் போயின. கட்லட்டையும் பேட்டிஸையும் சாயந்திர டீக்கென்று பொரிக்காமல் வைத்தேன். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மளமளவென்று சாப்பிட்டார்கள். “தேங்க் யூ” சொல்லிக் காரில் ஏறிவிட்டார்கள்!

துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது. துரை கத்தினார்: “கறியில என்னடா போட்ட?”

ஐயோ, நாளைக்கு மண்வெட்டிதான்! கார் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதை நேரே கீழ் கேட்டுக்கு வரும். ஏப்ரனோடு ஓடினேன். சறுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் ஓடினேன். முதலில் வந்தது டொக்டர் கார். கையை விரித்து மறித்தேன்.

“என்ன மகன், புலி கிலி துரத்துதா?”

“ஐயா, கறி கெட்டுப் போச்சுங்களா? சொல்லுங்க, என் வேலையே போகுதுங்க!”

“கறி அருமை, மகன். வந்த ஒடனே சோத்த வச்சா, சாப்பிட்டுட்டு கெளம்புங்கன்னு தானே அர்த்தம்? நம்ம ஊருல குடிச்சு, கடிச்சு, கதைச்சு, கடைசியிலதானே சோறு!”

சாப்பாட்டுக் கடையில் இருந்தவன் விருந்தை எங்கே கண்டேன்!

“ஐயா, அவங்க வழக்கம் வேறங்க. டீ வரைக்கும் நீங்க இருப்பீங்கன்னு அம்மா ஆசையா காத்திருந்தாங்க. கட்லட் அப்படியே இருக்கு, வாங்க!”

டொக்டர் ஹோர்னை அமுக்கினார் பாருங்கள்! பின்னால் வந்த கார்கள் அத்தனையும் திரும்பின. எனக்குக் கால் தரையில் படவில்லை.

தம்பிமாரே, ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன சாப்பிடுவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போது சாப்பிடுவார்கள் என்றும் கேளுங்கள்.

அன்று கட்லட் பொரித்து மாளவில்லை. டொக்டர் சோற்றுக் கதையைச் சொல்ல, வீடே சிரித்தது. பொழுது சாய்ந்தும் ஒருவரும் அசையவில்லை. துரைசானி மெதுவாகக் குசினிக்குள் வந்தார்.

“சூசை, இவங்க எப்பப் போவாங்க?”

“இன்னொரு தடவை சோறு வைக்கணும், அம்மா.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வை, வை! நாளைக்கும் நீதான் வைக்கணும்.”