திங்கட்கிழமைப் பருப்பு

உருத்திரமூர்த்தி அண்ணைக்கு வெள்ளிக்கிழமை தவிர்ந்த ஆறு நாளும் மச்சம் வேண்டும். கோழி இல்லாவிட்டால் மீன், மீனும் இல்லாவிட்டால் ஒரு முட்டையாவது பொரிக்க வேண்டும். 1987இல் கனடாவின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். இருவரும் டவுன்டவுன் உணவகங்களில் கோப்பை கழுவினோம். வீட்டில் சமையல் என் பொறுப்பு, குறை சொல்வது அவர் பொறுப்பு.

பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு பிலிப்பினோ கோழிப்பொரியல் கடை இருந்தது. அங்கே கோழியோடு உருளைக்கிழங்கு அல்ல, சோறு தருவார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணைக்கு அதன் மேல் ஒரு கண். "விசாரணை முடியட்டும். அண்டைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். முழுக்கோழி!" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய அகதிக் கோரிக்கை விசாரணை ஒரு புதன்கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது. ஊரில் தாயும் தங்கையும் இருந்தார்கள். அவர்களை இங்கே எடுப்பிக்க வேண்டுமென்றால் அன்று அவர் பதறாமல் பேச வேண்டும்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பாரிஸிலிருந்து தொலைபேசி வந்தது. அண்ணையின் தங்கையின் கணவர்; அவருக்கும் அங்கே இன்னும் விசா கிடைத்திருக்கவில்லை. அம்மா போய்விட்டாராம்.

"இப்ப சொல்லிப்போடாதையும் தம்பி," என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் மறைத்துத்தான் இருப்பேன். யாரைக் கேட்டு அந்த முடிவை எடுத்தேன் என்று இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வரும். மறைக்கலாம். ஆனால் தாய் செத்த துடக்கில் மகனுக்கு மச்சம் போட்டுக் கொடுக்க என் கை வரவில்லை. மஞ்சள் பூசி வைத்திருந்த கோழியைத் திரும்பவும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டுப் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அண்ணை ஒரு குறையும் சொல்லவில்லை. விசாரணைப் பயம் என்று நினைத்து, தப்பினேன் என்று இருந்தேன்.

புதன்கிழமை இரண்டரை மணி நேரம் பேசினார். மொழிபெயர்ப்பாளர் தடுமாறிய இடங்களில்கூட அவர் தடுமாறவில்லை. வெளியே வந்ததும் கோழிக்கடைக்குப் போவோம் என்றார்.

"பேந்து பாப்பம் அண்ணை. வீட்டை போவம்."

"இல்லை. இண்டைக்குத்தான்."

முழுக்கோழி மொறுமொறுவென்று வந்தது. பக்கத்தில் பூண்டு போட்ட வினாகிரி, ஆளுக்கொரு கிண்ணம் சோறு. கடைக்காரப் பெண் எல்லாவற்றையும் பெருமையோடு வைத்துவிட்டுப் போனார். அவர் சாப்பிட்டுவிடப் போகிறாரே என்ற அவசரத்தில் கோழித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவர் கோழியைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை பருப்பைக் கண்ட உடனேயே எனக்கு விளங்கீட்டுது, ஆனந்தராசா," என்றார். "கேட்டால் நீ சொல்லிப்போடுவாய். பேந்து விசாரணைக்குப் போய் என்னால கதைச்சிருக்க ஏலாது. இண்டைக்கு நீ என்னை இந்தக் கோழியைத் தின்ன விட்டிருந்தா, நான் நினைச்சது பிழையெண்டு சந்தோசமாத் திண்டிருப்பன்."

அவர் சோற்றுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"அம்மாவோ, தங்கச்சியோ? அதை மட்டும் சொல்லு."