ரோசம்மாள் சுற்றிய டிரான்ஸ்பார்மர்

சென்ற வியாழக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர் படியேறாமலே நின்று, "அண்ணாச்சி, மதினி போயிட்டாவ. ரெண்டு நாள் காய்ச்சல்தான்" என்றார். ரோசம்மாள் அவர்களின் கணவருடைய தம்பி அவர். திருவிழாவுக்கென்று ஊருக்குப் போன ரோசம்மாள், திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

நாகர்கோவிலில் என் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஆறு ஆண்டுகளாக டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றியவர் ரோசம்மாள். வேலை கேட்டு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. கடல் தொழில் செய்த கணவர் சூசை காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவர் கைக்குழந்தை மேரியோடு கோட்டாற்றில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார். என்ன வேலை தெரியும் என்று கேட்டேன். "லேஸ் பின்னுவேன்" என்றார். தலைமுடி கனமுள்ள செப்புக் கம்பியைக் கொடுத்தேன். ஒருமுறைகூட அறுக்காமல் சுற்றிக் காட்டினார். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைப்பார். எண்ணிக்கை தப்பியதே இல்லை.

அடுத்த ஆண்டு அதே ஆஸ்பத்திரியின் ஆம்ப்ளிபயர் எங்களிடம் வந்தது. வார்டுகளில் இருந்த ஸ்பீக்கர்களுக்கு அதுதான் உயிர். பவர் சப்ளை போய்விட்டதால் நோயாளிகளுக்குப் பாட்டும் இல்லை, செய்தியும் இல்லை. டிரான்ஸ்பார்மர் கரிந்து கிடந்தது. புதியது வர மாதக்கணக்காகும் என்றார்கள். ரோசம்மாள் நான்கு நாள் உட்கார்ந்து சுற்றினார். பொருத்தி மின்சாரம் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் புகை.

"என்னத்தைச் சுத்தி வச்சிருக்க? சுத்துக்கு இடையில பேப்பர் ஒழுங்கா வச்சியா இல்லியா?" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னால் கத்தினேன்.

அவர் கண் கலங்கியது. ஆனால் தலை குனியவில்லை. "அண்ணாச்சி, முதல்ல இருந்ததும் இப்படித்தானே கரிஞ்சுது? அதையும் நானா சுத்தினேன்?"

மீட்டரை எடுத்துச் சோதித்தேன். மின்சாரத்தைச் சீராக்கும் கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. எந்த டிரான்ஸ்பார்மரை வைத்தாலும் எரியத்தான் செய்யும். முதலில் பார்த்திருக்க வேண்டியவன் நான். "தப்பு என்னுதுதான்" என்று அவரிடம் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் போன பிறகு. அவர்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ரோசம்மாள் மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.

பொருத்தப் போனபோது அவரும் என்னுடன் வந்தார். சூசையின் நிலை மோசமாக இருந்ததால் மூன்று மாதமாக யாரையும் அவரைப் பார்க்க விடவில்லை. ஆபீஸ் அறையில் ஆம்ப்ளிபயர் சூடாகி, புகையின்றி நின்றது. சோதித்துப் பார்க்க யாராவது பேச வேண்டும். மைக்கை அவரிடம் நீட்டினேன். நர்சம்மா தடுக்கவில்லை.

இரு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "நான் ரோசம்மா பேசுகேன்... மேரி நடக்கத் தொடங்கிட்டா. சுவரைப் பிடிக்காம நாலடி வச்சா. நீங்க மருந்தைத் துப்பாமக் குடிக்கணும், கேட்டியளா?"

வார்டு முழுவதும் சிரித்தது. சிரிப்போடு இருமலும் கேட்டது. உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து, "சூசை எழும்பி உக்காந்துட்டான்! இன்னும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மற்ற நோயாளிகளின் வீட்டாரும் மைக்கின் முன் வந்து பேசினார்கள். முதலில் ரோசம்மாள் பேசித் தொடங்கிவைப்பார். கூச்சப்பட்டு நிற்பவர்களிடம், "வீட்டுல என்ன குழம்பு வச்சியளோ அதைச் சொல்லுங்கோ. அழுகையை இங்க என்கிட்ட வச்சிட்டுப் போங்கோ" என்பார். சூசை பிழைத்து வீடு வந்த பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பெட்டியை மூடும் நேரத்தில், சூசை சொல்லியனுப்பியதால், கருங்கல் ஊரிலிருந்து மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். முன்பு அந்த வார்டில் கிடந்தவர்கள். அவர்களில் முதியவர் சூசையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருக்க முகத்தைக் கண்டுக்கிடட்டா மக்கா? ஆறு மாசம் இவிய சத்தத்தைக் கேட்டுத்தான் கிடந்தேன். ஆளைக் கண்டதில்ல" என்றார்.

சூசை விலகி நின்று, முகத்தின் மேலிருந்த துணியை எடுத்தார். முதியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நெனச்ச மாதிரியேதான் இருக்காவ" என்றார்.

போய் வாருங்கள், ரோசம்மா.