டேங்க் மூடிக்குள் ஒரு தோல் துண்டு

எங்கள் வெள்ளைக் கார் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்ததற்குக் காரணம் நான்தான். இதை அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், இன்றுவரை சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். என்ன நோய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது என்பதால் யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு பழைய பெட்ரோல் காரை அத்தா வாங்கினார். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கூடப் போவேன். அம்மா வாந்தி எடுத்தால் பையைப் பிடிப்பது என் வேலை.

மருந்து ஏற ஏற அம்மாவுக்கு எந்த வாடையும் ஆகாமல் போனது. தாளிக்கிற வாடை ஆகாது, சோப்பு வாடை ஆகாது, பெட்ரோல் வாடை அறவே ஆகாது. பின் சீட்டில் சாய்ந்துகொண்டு "கொடலப் பெரட்டுது" என்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் காரைச் சுற்றிச் சுற்றி மோப்பம் பிடித்து, பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. வாடை இதன் வழியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டினேன்.

அத்தாவுக்குப் பேகம்பூரில் தோல் வியாபாரம். வீட்டில் துண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய ஆட்டுத்தோலை வட்டமாக வெட்டி, மூடிக்குள் இருந்த ரப்பர் வாசருக்கு அடியில் செருகினேன். கனகச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பெட்ரோல் போடுகிறவர்கள்கூடக் கவனிக்கவில்லை. அடுத்த தடவை அம்மா வாடை குறைந்திருப்பதாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பயணத்தில்தான் கார் முதல்முறை நின்றது. காந்திகிராமம் தாண்டி, கொடைரோடு வருவதற்குள் இரண்டு உதறு உதறி அணைந்துவிட்டது. அத்தா சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இதே கதை. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை, மதுரைக்குக் கிளம்பினால் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ப்ளக்கை மாற்றினார்கள், கார்ப்பரேட்டரைக் கழுவினார்கள், பெட்ரோல் பம்பையே புதிதாகப் போட்டார்கள். உறவுக்காரர் ஒருவர் தாயத்து ஓதி வாங்கிவந்து கண்ணாடியில் கட்டிவிட்டார். கார் எதற்கும் மசியவில்லை.

நிற்கிற இடத்தில் ஒரு மல்லிகைத் தோட்டம் இருந்தது. அங்கே பூப்பறிக்கிற அக்கா எங்களுக்குப் பழகிவிட்டாள். "என்ன பாயம்மா, இன்னைக்கும் நின்னுருச்சா? வாங்க, செத்த நேரம் நெழல்ல ஒக்காருங்க" என்பாள். அம்மா இறங்கி வேப்பமரத்தடியில் அவளோடு உட்கார்ந்துவிடுவாள். முடியெல்லாம் கொட்டிப்போயிருந்ததால் அக்கா கொடுக்கிற மொட்டுகளைத் தலையில் வைக்க வழியில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம் நோயைப் பற்றியே கேட்டார்கள். இந்த அக்கா தன் மாமியாரைப் பற்றிப் புரணி பேசினாள், அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

அத்தா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் கார் மூன்று இடங்களில் நின்று, ஆஸ்பத்திரி போய்ச் சேர மதியமாகிவிட்டது. இனி இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவைகூடத் தவறக்கூடாது என்று டாக்டர் அவரிடம் கண்டித்துச் சொல்லியிருந்தார். அத்தா படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பும் வழியில் அம்மா பசிக்கிறது என்று சொல்லி இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் அத்தா ஒரு மெக்கானிக்கைக் கூடவே ஏற்றிக்கொண்டார். கார் நிற்கிறவரை அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. நின்ற பிறகும் பானெட் பக்கம் போகவில்லை.

"பாய், மதுரைக்குக் கெளம்புறப்பல்லாம் டேங்க்க ரொப்பிருவீங்களோ?"

"ஆமா. வழியில நிக்கக் கூடாதுல்ல."

அவர் பின்னால் போய் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. "காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் வெளிய வரும் பாய். ரொப்புன டேங்க்ல உள்ள காத்தே இருக்காது, வெளியேருந்து போகவும் வழியில்ல, அதான் நின்னுருது. செத்த நேரத்துல காத்து கசிஞ்சு ஏறவும் திருப்பி ஓடுது" என்றவர், வாசரை நெம்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, தோலு?" என்றார்.

அத்தா அதை வாங்கினார். தொட்டுப் பார்த்தே எந்தக் கட்டிலிருந்து வந்த தோல் என்று சொல்லக்கூடியவர். துண்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நாந்தேங்க வச்சேன். வாடை தாங்கல" என்றாள் அம்மா, காருக்குள் இருந்தபடியே.

அத்தா துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெக்கானிக்கை வண்டியில் ஏறச் சொன்னார்.

அதற்கு அடுத்த தடவை, கிளம்புகிற நேரத்தில் ரிப்போர்ட் கட்டை எடுக்க அத்தா வீட்டுக்குள் போனார். அம்மா பின் சீட்டிலிருந்து என் கையைப் பிடித்தாள். "ஏம்மா, அந்தத் தோல இன்னைக்கு ஒருக்கா வச்சு விடுறியா?"

வாடைக்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இப்ப வாடையே வராதும்மா. மெக்கானிக் புது மூடி போட்டுட்டாருல்ல" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

"அதுஞ் சரித்தேன்" என்று கையை விட்டுவிட்டாள்.

அன்றைக்குக் கார் ஒரே ஓட்டமாக ஓடியது. மல்லிகைத் தோட்டம் வந்தபோது அந்த அக்கா வரப்பில் நின்று கையைத் தூக்கினாள். அம்மா பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த ரோட்டில் போனது மூன்றே தடவைதான். அன்றைக்கு எட்டரை மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றோம். அத்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் கைதட்டினேன்.